கோர் விடாலை நியூயார்க் டைம்ஸ் இருட்டடிப்பு செய்ததா?

பழைய வாசகன்:
சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதிய பதிவைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒருபால் உறவை மையமாக வைத்து 1948இல் 'தி சிட்டி அண்ட் தி பில்லர்' நாவலை எழுதிய குற்றத்துக்காக, அமெரிக்க எழுத்தாளர் கோர் விடாலின் அடுத்த ஐந்து நாவல்களையும் நியூயார்க் டைம்ஸ் அடியோடு இருட்டடிப்பு செய்தது என்றும், அதனாலேயே அவர் வயிற்றுப்பாட்டுக்காகத் தொலைக்காட்சிக்கும் நாடக மேடைக்கும் போக நேர்ந்தது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அந்த நாவலுக்கே அப்பத்திரிகையின் ஞாயிறு புத்தக இணைப்பில் மதிப்புரை வந்தது. 1952இல் வெளியான 'தி ஜட்ஜ்மெண்ட் ஆஃப் பாரிஸ்' நாவலுக்கும் வந்தது. அச்சில் கிடக்கும் மதிப்புரைகளை இல்லையென்று சாதிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

தாழ்வாரம்:
பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், ஐயா. அந்தப் பதிவை எழுதியவன் நான்தான். ஞாயிறு இணைப்பு வேறு, அன்றாட நாளிதழ் வேறு என்பதை இவ்வளவு படித்த தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நாளிதழின் புத்தகப் பத்தியை எழுதிய ஆர்வில் ப்ரெஸ்காட், இனி விடாலின் புத்தகங்களைப் படிக்கக்கூடப் போவதில்லை என்று அவற்றை வெளியிட்ட டட்டன் பதிப்பகத்தின் ஆசிரியரிடமே சொல்லியிருக்கிறார். 'தி சீசன் ஆஃப் கம்ஃபர்ட்' முதல் 1954இன் 'மெசையா' வரை ஐந்து நாவல்கள் நாளிதழில் ஒரு வரி பெறவில்லை. புத்தகக்கடைக்காரர்களும் நூலகர்களும் எதைப் பார்த்துப் புத்தகம் வாங்கினார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

பழைய வாசகன்:
ப்ரெஸ்காட் அப்படிச் சொன்னதாக ஊருக்குச் சொன்னவர் யார்? விடால். தன்னைப் பற்றிய கதைகளுக்குத் தானே மெருகேற்றுவதில் அவருக்கு நிகர் எவருமில்லை. 1965இல் 'தி சிட்டி அண்ட் தி பில்லர்' நாவலின் முடிவையே திருத்தி எழுதியவருக்குத் தம் வாழ்க்கையின் அத்தியாயங்களைத் திருத்துவது பெரிய வேலையா? இருட்டடிப்பான நாவல்கள் ஐந்து என்பார்கள், ஏழு என்று சொல்பவர்களும் உண்டு. 1946இல் 'வில்லிவா' தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்குள் எட்டு நாவல்களை எழுதிக் குவித்த இளைஞரிடம் வாசகர்கள் சலிப்படைந்தார்கள் என்ற எளிய காரணம் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மீண்டும் சொல்கிறேன்: ஞாயிறு இணைப்பில் மதிப்புரை வந்தது.

இரவல் அட்டை:
இரண்டு பேரும் நாவலையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1957இல் நியூயார்க்கின் ப்ராட்வே நாடக அரங்குக்கு வந்த அவருடைய 'விசிட் டு எ ஸ்மால் பிளானட்' 388 காட்சிகளும், 1960இல் வந்த 'தி பெஸ்ட் மேன்' 520 காட்சிகளும் நடந்தன. கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக வரத் துடிக்கும் இருவர், ஒருவர் மற்றவரின் அந்தரங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டிக்கொள்ளும் அந்த நாடகத்தை, ஓக்லஹோமா செனட்டர் தாமஸ் கோரின் பேரனாக, பார்வையற்ற அந்தத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியபடி வாஷிங்டனில் வளர்ந்தவரால்தான் எழுத முடியும். அதை வயிற்றுப்பாட்டு எழுத்து என்பது அநியாயம்.

தாழ்வாரம்:
நாடகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருட்டடிப்பே இல்லையென்றால், 1952 முதல் 1954 வரை 'எட்கர் பாக்ஸ்' என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு மூன்று துப்பறியும் நாவல்களை அவர் ஏன் எழுதினார்? இதற்கு மட்டும் விடை வரட்டும்.

பழைய வாசகன்:
விடை ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1950இல் எட்ஜ்வாட்டர் என்ற மாளிகையை வாங்கினார்: முகப்பில் வரிசையாகத் தூண்கள், முன்னால் ஆறு, முதுகுப்புறம் ரயில் பாதை. அதைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா? ஒவ்வொரு துப்பறியும் நாவலையும் எட்டே நாளில் முடித்ததாகப் பெருமையடித்தவர் அவர். இது கடன்காரனின் அவசரம், தியாகியின் தலைமறைவு அன்று. தாழ்வாரம் அவர்களுக்கு இது புதிதுமில்லை. ஆபிரகாம் லிங்கனைப் பற்றி விடால் எழுதிய 'லிங்கன்' நாவலின் தகவல்களை வரலாற்றறிஞர்கள் கேள்வி கேட்டதைப் பற்றிச் சென்ற ஆண்டு நாம் விவாதித்தபோது, பாதியில் காணாமல் போனவர் இவர்தான்.

கூர்முனை:
வரலாற்றறிஞர்கள் கேட்டார்கள், விடாலும் பத்திரிகையிலேயே வரிந்துகட்டிக்கொண்டு பதில் சொன்னார். அதை மறைப்பது ஏன்? பழைய வாசகனுக்கு விடால் மீது இருக்கும் காழ்ப்பு, 1968இல் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டின்போது தொலைக்காட்சியில் பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லியிடம் அவர் மோதியதிலிருந்து வருகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பழைய வாசகன்:
பக்லியை நாஜிக்கு ஒப்பிட்டு வாய்விட்டவர் விடால். அடிப்பேன் என்று பதிலுக்கு மிரட்டிய பக்லியும் யோக்கியர் அல்லர். தன்னைப் பற்றி அவதூறு சொன்ன எழுத்தாளர் ட்ரூமன் கபோட் மீது வழக்குப் போட்டு 1983இல் எழுத்தில் மன்னிப்பு வாங்கும்வரை விடாத மனிதர், டைம்ஸ் உண்மையிலேயே அவரை ஒழிக்க முயன்றிருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

தாழ்வாரம்:
அவதூறுக்கு வழக்குப் போடலாம், மௌனத்துக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது? எட்ஜ்வாட்டரின் தூண்களை வர்ணித்தவர், நாளிதழில் வந்த ஒரே ஒரு மதிப்புரையைக் காட்டட்டும். அந்த ஐந்தில் ஒன்றுக்கு, ப்ரெஸ்காட்டின் பத்தியில்.

பழைய வாசகன்:
ஞாயிறு இணைப்பும் நியூயார்க் டைம்ஸ்தான். 1964இல் 'ஜூலியன்' வந்தபோது வாசகர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல நாவல் எழுதியபோது விற்றது. லிங்கன் விவாதத்துக்கான பதிலையும் சேர்த்தே எழுதுங்கள், ஓராண்டாகக் காத்திருக்கிறேன்.

இரவல் அட்டை:
'தி பெஸ்ட் மேன்' நாடகத்தை இங்கே ஒருவராவது படித்திருக்கிறீர்களா?

தாழ்வாரம்:
நாளிதழ், ஐயா. நாளிதழில் வந்த மதிப்புரையைக் கேட்டேன்.