மிலிட்டரி ஆர்டர்னு வந்த போன்: நம்ம மலையில் யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கு?

வர்க்கிக்கடைப் பையன், குன்னூர்

எங்க அப்பா நாற்பது வருஷமா அடுப்பு முன்னாடி நிக்கிறவர். மார்க்கெட்டை ஒட்டி ஒரு சின்ன பேக்கரி. இன்னும் விறகு அடுப்புதான். ஊட்டி வர்க்கிக்கு, அதான் நம்ம மொறுமொறு பிஸ்கட்டுக்கு, 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ, "அதை எங்கடா ஒட்டறது, வர்க்கி மேலயா?"ன்னு கேட்ட ஆளு. சுலபத்துல யாரையும் நம்ப மாட்டார். பால்காரர் கணக்கையே ரெண்டு தடவை கூட்டிப் பார்ப்பார்.

அவர்தான் போன டிசம்பர்ல ஏமாந்தார்.

4ஆம் தேதி மத்தியானம் ஒரு போன். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். வெல்லிங்டன் எம்.ஆர்.சி.யிலிருந்து, அதாவது மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்லேர்ந்து, சுபேதார் பேசறேன், 7ஆம் தேதி கொடி நாள், ஜவான்களுக்குக் குடுக்க 30 கிலோ வர்க்கி வேணும்னு சொன்னான். கிலோ 240ன்னார் அப்பா. சரின்னுட்டான். பேரமே பேசலை. அங்கயே உஷாராகியிருக்கணும். ஆனா அப்பாவுக்கு மிலிட்டரி ஆர்டர்னா ஒரு பெருமை. அன்னைக்கே மாவு பிசைஞ்சு புளிக்கப் போட்டார். மறுநாள் ராத்திரி முழுக்க ரெண்டு பேர் அடுப்பை விட்டு நகரலை. காலையில 30 கிலோவும் தகர டின்ல அடுக்கி, மேல பேப்பர் போட்டு மூடி வச்சாச்சு.

6ஆம் தேதி காலையில மறுபடி போன். "வண்டி கிளம்பிடுச்சு, காசை முதல்லயே போட்டுடறேன். ஆர்மி அக்கவுண்ட்டுங்கறதால ஒரு வெரிபிகேஷன் இருக்கு. நீங்க ஒரு ரூபாய் அனுப்புங்க, ரெண்டு ரூபாய் திரும்பி வரும்." அப்பா அனுப்பினார். ரெண்டு ரூபாய் வந்துச்சு. அந்த ஒரு ரூபாய் லாபத்துலதான் விழுந்தார். அடுத்து வாட்ஸ்அப்ல ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, 7,200 வந்துடும்னான். போட்டார். 7,200 போச்சு. "தப்பாயிடுச்சு, ரிவர்ஸ் பண்ண ரெண்டு மடங்கா போடணும்"னான். 14,400. அதுவும் போச்சு. மொத்தம் 21,600.

நான் கடைக்கு வந்தப்போ அப்பா ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னார். பணம் போனது அவருக்கு அப்போ தெரியும். ஆனாலும், "வண்டி வந்துடும்டா, மிலிட்டரிக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்க"ன்னார்.

உங்க யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தா சொல்லுங்க.

பழைய தம்பி, வெல்லிங்டன்

வர்க்கிக்கடைத் தம்பி, அந்த ஆள் அனுப்பிய அடையாள அட்டைப் படத்தை எனக்குத் தனியாக அனுப்பியதற்கு நன்றி. கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று இருக்கிறது. படத்தில் இருக்கும் பையன் தொப்பியில் ரெண்டு குக்ரி கத்தி குறுக்கே நிற்கிறது. அது கூர்க்கா சின்னம். எங்கள் சின்னம் யானை. 1803 அசாயே போருக்காகக் கிடைத்தது. 24 வருஷம் அதைத் தலையில் சுமந்தவன் நான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

படத்தில் இருக்கும் பையன் நிஜ ஜவானாகத்தான் இருப்பான். எங்கோ லாட்ஜிலோ சிம் கார்டு கடையிலோ அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருப்பான். அவன் முகத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திருடுகிறார்கள். அது அவனுக்கே தெரியாது.

இன்னொன்று. என் சர்வீஸில் யூனிட்டுக்குச் சாமான் வாங்க வேண்டுமென்றால் ஒருத்தன் நேரில் போவான், ருசி பார்ப்பான், கட்டாயம் பேரம் பேசுவான். பேரம் பேசாத குவார்ட்டர் மாஸ்டரை நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் பணத்தில் இல்லை. கொடி நாள் என்று சொன்னானே, அதில்தான். டிசம்பர் 7 எதற்கு? போரில் போனவன் குடும்பத்துக்கும் கை கால் இழந்தவனுக்கும் நாலு காசு சேர்க்க, 1949லிருந்து நடக்கிற நாள். வருஷா வருஷம் 1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16க்கு நினைவுச்சின்னத்தில் மலர் வளையம் வைக்கும்போது 'சோக் சஸ்த்ர்' என்று ஒரு கட்டளை வரும். துப்பாக்கி தலைகீழாகும், முகம் குனியும், லாஸ்ட் போஸ்ட் ஊதுவார்கள். நான் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. இப்பவும் அந்த பியூகிள் கேட்டால் வேலிக்கு வெளியே நின்றபடியே குதிகால் தானாகச் சேரும். அந்தச் சத்தத்தின் பேரைச் சொல்லித்தான் இவன் 21,600 அடித்திருக்கிறான்.

காட்டேரி மேட்டுக்காரி

நான் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க வீடு நஞ்சப்பசத்திரத்துக்குப் பக்கம். 2021 டிசம்பர் 8, புதன்கிழமை. மத்தியானச் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல மூடுபனி, பத்தடி தள்ளி இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியலை. ஹெலிகாப்டர் சத்தம் எங்களுக்குப் புதுசில்லை, சூலூர்லேர்ந்து வெல்லிங்டனுக்கு வந்து போறதுதான். ஆனா அன்னைக்குச் சத்தம் ரொம்பக் கீழே, ஓட்டுக்கு மேலேயே உரசிக்கிட்டுப் போற மாதிரி. அடுத்து மரம் முறியற சத்தம். அதுக்கப்புறம் வந்ததை எனக்குச் சொல்லத் தெரியலை.

ஓடினோம். பனிக்குள்ள செவப்பா எரியுது. பைப்புல தண்ணி பிடிச்சு வச்சிருந்த குடம், பக்கெட்டு, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போய் ஊத்தினோம். கிட்டப் போக முடியலை, முகம் காந்துது. அப்புறம் போலீஸும் பயர் சர்வீஸும் மிலிட்டரியும் வந்தாங்க. தூக்கிக்கிட்டுப் போக ஸ்ட்ரெச்சர் பத்தலை. வீட்டுல இருந்த கம்பளியை எல்லாம் குடுத்தோம். என் மாமியார் போர்த்திக்கிட்டு இருந்ததையே உருவிக் குடுத்துட்டு, சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு நின்னாங்க.

யாருன்னு எங்களுக்குத் தெரியாது. சாயந்தரம் டிவியிலதான் தெரிஞ்சுது, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் சம்சாரம், கூட வந்தவங்க, மொத்தம் 14 பேர்னு. வருண் சிங்னு ஒரு அதிகாரி மட்டும் உயிரோட இருந்தார். ஒரு வாரம் ஊரே கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. 15ஆம் தேதி அவரும் போயிட்டார்.

விபத்து நடந்த மறுநாள் வெல்லிங்டன்லேர்ந்து உடலை ஏத்தின வண்டிங்க வரிசையா கீழே இறங்கினப்போ ரோடு நெடுக ஜனம். என் கையில தோட்டத்து சாமந்தி நாலுதான் இருந்துச்சு. எந்த வண்டியில யார்னு தெரியாம போட்டேன்.

அப்புறம் ராணுவத்துலேர்ந்து பெரிய அதிகாரி எங்க ஊருக்கே வந்து நன்றி சொன்னார். ஒரு வருஷத்துக்கு ஊரைத் தத்தெடுத்துக்கறோம், மாசாமாசம் டாக்டர் வருவார்னு சொன்னாங்க. இது பேப்பர்ல வந்ததும் ஆரம்பிச்சுது போன். "அக்கா, தத்தெடுத்த ஊர்க்காரங்களுக்கு 50 ஆயிரம் சேங்ஷன் ஆகியிருக்கு. அன்னைக்கு நீங்க உதவி பண்ணினீங்கல்ல, உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு. ஆதார் நம்பர் சொல்லுங்க, ஒரு ஓடிபி வரும்."

நெசமாச் சொல்றேன், அது ஏமாத்து வேலைன்னு எனக்கு அப்போ தெரியாது. ஓடிபின்னா என்னன்னே அரைகுறையாத்தான் தெரியும். ஆனா கம்பளி குடுத்ததுக்குக் காசான்னு சுருக்குனு கோபம் வந்துச்சு. "என் கம்பளிக்கு வெல போடறியா"ன்னு கேட்டு வச்சுட்டேன். பக்கத்து லைன்ல ஒரு தம்பி நம்பர் சொல்லி 3,000 விட்டான்.

டிஎன் 43

நம்ம டூரிஸ்ட் டாக்ஸி அனுபவமும் ஒண்ணு. 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஹைகோர்ட் சொன்னதுதான் எல்லாருக்கும் தெரியுமே. அரசாங்க சைட்ல அது இலவசம். ஆனா தேடினா முன்னாடி வந்து நிக்கிறது எவனோ நடத்தற சைட்டு. என்னோட கஸ்டமர், கோயமுத்தூர்க்காரர், ஒரு காருக்கு 499 கட்டிட்டு, பாஸும் வராம கல்லாறுல நின்னு எனக்கு போன் பண்றார். அங்கயே மொபைல்ல சரியான சைட்டைத் திறந்து எடுத்துக் குடுத்தேன். ரெண்டு நிமிஷம். 499 போனது போனதுதான்.

மிலிட்டரிக் கதை முன்னாடி இது ஒண்ணுமில்லை, தெரியும். சும்மா சொல்லி வச்சேன்.

கோத்தகிரி மகள்

அம்மா கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா 1987இல் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். திரும்பவில்லை. எனக்கு அப்போது எட்டு மாதம். எங்கள் லைனில் பாதிக் குடும்பம் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து திரும்பி, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கே எதற்காக அழுவது என்று தெரியாமல் இருந்தது என்று அம்மா சொல்வாள். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சப்பேர் கப்பலில் சென்னை வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. அம்மா அரசியல் பேசமாட்டாள். அந்த நாள் செய்தித்தாளை மட்டும் அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள்.

ரெண்டு வருஷம் முன்பு நவம்பரில் ஒரு போன். நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கிற மாதம். திருடனுக்கும் அது தெரிந்திருக்கிறது. அப்பா பெயர், ஊர், எல்லாம் சரியாகச் சொன்னான். யார் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் மாற்றிப் படித்துவிட்டான்.

"அம்மா, ஐயா இந்த வருஷம் லைஃப் சர்டிபிகேட் குடுக்கலை. அவர் உயிரோட இருக்காரான்னு நாங்க சரிபார்க்கணும்."

அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கேரட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "87லேர்ந்து நானும் அதத்தாம்பா சரிபார்த்துக்கிட்டு இருக்கேன். உனக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவனே வைத்துவிட்டான். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கேரட்டு முடிந்த பிறகும் வெறும் கத்தியைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உபயோகமான ஒரு விஷயம்: போஸ்ட்மேனிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து டிஜிட்டல் சான்று எடுத்துத் தருகிறார். 70 ரூபாய். கைரேகை விழாவிட்டால் முகத்தைப் படம் பிடிக்கிற ஆப்பும் இருக்கிறது. தேயிலை பறித்த விரலில் ரேகை எங்கே விழப்போகிறது, அம்மாவுக்கு முகம்தான்.

மூணாம் கவுண்ட்டர்

வங்கியில் வேலை, எந்த வங்கி என்று கேட்காதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கதையோடு வருகிறார்கள். பெரும்பாலும் ரெண்டு நாள் கழித்து வருகிறார்கள், வெட்கம்தான் காரணம். அதற்குள் பணம் நாலு அக்கவுண்ட் மாறி, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். பணம் போன உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும். பணம் எந்த அக்கவுண்டில் நிற்கிறதோ அங்கேயே முடக்கிவிட முடியும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் வேண்டியதே இல்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். இதைக் கவுண்ட்டர் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் ஒருவர் போன வாரம் பின் நம்பர் அடித்தார்.

வர்க்கிக்கடைப் பையன், குன்னூர்

எல்லாருக்கும் நன்றி. 1930க்கு அன்னைக்கே அடிச்சோம். நாலு மாசம் அலைஞ்சு 9,000 சொச்சம் திரும்ப வந்துச்சு.

அந்த 30 கிலோ என்னாச்சுன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. வர்க்கி பத்து நாள் தாங்கும், கடையிலயே வித்திருக்கலாம். அப்பா விடலை. "மிலிட்டரிக்குன்னு சுட்டது"ன்னு ஒரே பிடிவாதம். 8ஆம் தேதி ஜீப்ல ஏத்திக்கிட்டு காட்டேரிப் பக்கம் போனார். அங்க ரோட்டோரம் மெழுகுவர்த்தி ஏத்தி வச்சுட்டு நின்னவங்க கையில எல்லாம் ரெண்டு ரெண்டா குடுத்துட்டு, மீதி டின்னை அந்த லைன் வீடுங்கள்ல வச்சுட்டு வந்துட்டார். காட்டேரி அக்கா, உங்க வீட்டுக்கும் வந்துச்சான்னு தெரியலை. வந்திருந்தா டின் எங்களுது, திருப்பிக் குடுத்துடுங்க, அப்பா கணக்கு வச்சிருக்கார்.

இப்போ மிலிட்டரின்னு யார் போன் பண்ணினாலும் "நேர்ல வாங்க"ன்னு வச்சிடறார். போன மாசம் ஒரு பையன் நெசமாவே வந்தான். ஒட்ட வெட்டின முடி, யூனிபார்ம், தொப்பியில யானை. ஒரு கிலோ கேட்டான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த யானையையே ரொம்ப நேரம் பார்த்தார். பையனுக்கு ஒண்ணும் புரியலை, தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டான். "கிலோ 240"ன்னார் அப்பா. "220 போட்டுக்குங்க அங்கிள்"னான்.

அப்பா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. 200க்கே குடுத்துட்டார்.