அவசரம்: கியர்பாக்ஸ் பிரச்சினை உள்ள காடிக்கு டெப்பாசிட் கட்டிட்டேன், எடுக்கலாமா?

செங்காங்_புதுசு:
வணக்கம். சிங்கப்பூர் உபி வட்டாரத்துல ஒரு டீலர்கிட்ட பழைய காடி பார்த்தேன், விலை நல்லா இருக்கு. கியர்பாக்ஸில் சின்ன பிரச்சினைன்னு அவரே சொல்லிட்டார், நேர்மையான ஆள். அதுக்காக 2,500 வெள்ளி குறைச்சும் குடுத்தார். 1,000 கட்டியாச்சு. சனிக்கிழமை பேர் மாத்தணும். எடுக்கலாமா வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க.

பிடோக் மாமா:
என்ன காடி? எத்தனை வருசம்? கியர்பாக்ஸ் எந்த வகை? சின்ன பிரச்சினைன்னா சத்தமா, உதறலா, கியர் விழலையா? ஒண்ணும் சொல்லாம எடுக்கலாமான்னு கேட்டா கிளி ஜோசியம்தான் பார்க்கணும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
எத்தனை கிலோமீட்டர்? சிஓஇ, அதான் காடி வெச்சிருக்க வாங்குற 10 வருச அனுமதி, எவ்வளவு மீதி?

செங்காங்_புதுசு:
ஜப்பான் செடான், ஆட்டோ, சாம்பல் நிறம்.

பிடோக் மாமா:
நிறத்தை யாரும் கேட்கலையே தம்பி.

ஜூரோங்_ஸ்பேனர்:
பார்க்காமலே சொல்றேன், என்ஜின் மவுண்ட், என்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர். நம்ம ஊர்ல பாதிப் பேர் கியர்பாக்ஸ்னு பயப்படுறது மவுண்ட்தான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு டி-ல (டிரைவ்) போடுங்க, ஸ்டியரிங் நடுங்கும். என்-க்கு (நியூட்ரல்) மாத்தினதும் அடங்கிட்டா ரப்பர் போச்சு. சில நூறு வெள்ளியில முடியும்.

செங்காங்_புதுசு:
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். கியர்பாக்ஸ் சிவிடி வகைன்னு சொன்னார். 1,18,000 கி.மீ. விலை 52,000. சிஓஇ 38 மாசம் மீதி. டெஸ்ட் டிரைவில் நேர் ரோட்ல ஒண்ணுமே தெரியல. ஒரு அடுக்குமாடிப் பார்க்கிங்கில் மூணாவது மாடிக்கு ஏறும்போதுதான் உதறுச்சு. கியர் கம்பியில மாட்டியிருந்த கோப்பி பை குதிச்சுக் கால்சட்டையெல்லாம் கொட்டிருச்சு. டீலர் சிரிச்சுக்கிட்டே டிஷ்யூ குடுத்தார்.

ஜூரோங்_ஸ்பேனர்:
மவுண்ட்தான்.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஏத்தத்துல சுமை விழும்போது மட்டும் உதறினா சிவிடி ஆயிலைப் பாருங்க. அதுக்குள்ள பல் சக்கரம் மாறுற வேலை கிடையாது, ரெண்டு கப்பிக்கு நடுவுல எஃகு பெல்ட் ஓடுது. ஆயில் கெட்டாலோ, யாராவது சாதா ஆட்டோ கியர் ஆயிலை ஊத்தியிருந்தாலோ பிடிப்பு போயிடும். ஆயில் மாத்திச் சரியானா உங்க அதிர்ஷ்டம். பெல்ட்டும் கப்பியும் தேய்ஞ்சிருந்தா ஆயிலால ஆகாது. இன்னொண்ணு, ஸ்கேனர் போடும்போது பழுதுக் குறியீடு இல்லைன்னு காட்டினா நம்பிடாதீங்க. ரெடினஸ் (காடி தன்னைத்தானே சோதிக்கிறது) முடியலைன்னு வந்தா சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க.

தெம்பனிஸ்_தேவி:
38 மாசம்னா ரெண்டே மாசத்துல 7ஆம் வருச இன்ஸ்பெக்‌ஷன் வருமே. அதுல பாஸ் ஆனா தைரியமா எடுக்கலாம்.

பிடோக் மாமா:
அங்க பிரேக், புகை, விளக்கு இதெல்லாம்தாம்மா பார்ப்பாங்க. ஏத்தத்துல உதறுதான்னு பார்க்க மாட்டாங்க.

பழைய காடிக்காரன்:
மாசத்துக்கு நாலு தடவை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒழிஞ்சு போச்சு. பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். 2012 செப்டம்பர்லேர்ந்து லெமன் சட்டம், அதான் குறையுள்ள பொருளை வித்தவர்கிட்டயே பரிகாரம் கேட்கிற சட்டம், இருக்கு, பழைய காடிக்கும் உண்டு. டீலர்கிட்ட வாங்கி 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, விற்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாலயே உங்ககிட்ட சொன்ன குறைக்கு அது செல்லாது. அவர் நேர்மையா சொல்லலை, உங்க கையைக் கட்டிப் போட்டிருக்கார். 2,500-க்கு உங்க உரிமையை வித்துட்டீங்க. என்ன கையெழுத்துப் போட்டீங்க?

செங்காங்_புதுசு:
பாரத்துல “கியர்பாக்ஸ் உள்ளது உள்ளபடி, வாங்குபவர் அறிவார்”னு பேனாவால எழுதினார். அது முக்கியமா?

பழைய காடிக்காரன்:
சிரிப்பதா அழுவதா.

கணக்கு_அக்கா:
அவரை விடுங்க தம்பி, எப்பவும் அப்படித்தான். கணக்கைப் பாருங்க. 10 வருசத்துக்குள்ள பதிவை ரத்து செஞ்சா பார்ஃப், அதான் பதிவு வரியில ஒரு பங்கு, திரும்ப வரும். காடி உதறுதா ஆடுதான்னு அதுல யாரும் கேட்க மாட்டாங்க. கடைசியில 9,000 வரும்னு வைங்க. 43,000-ஐ 38-ஆல வகுத்தா மாசம் 1,130 சொச்சம். கியர்பாக்ஸுக்கு 6,000 ஆச்சுன்னா இன்னும் 158 கூடும். அந்தப் பணத்துக்கு உதறாத காடி கிடைக்குதான்னு பாருங்க. கிடைச்சா 1,000 போனாப் போகட்டும்.

ஊட்லண்ட்ஸ்_வாசு:
மலேசியாவுக்கு, ஜேபிக்கு (ஜோகூர் பாரு) கொண்டு போங்க, பாதி விலையில முடிச்சுத் தருவாங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:
சட்டப்படி முக்கால் டேங்க் பெட்ரோலோட கிளம்பி, எல்லை தாண்டுற காஸ்வேல ரெண்டு மணி நேரம் நின்னு நின்னு நகர்ந்தா, போய்ச் சேரும்போது சிவிடி வெந்திருக்கும். மறுபடி உதறினா வாரண்டிக்குத் திரும்ப யார் வரிசையில நிற்கிறது?

ஊட்லண்ட்ஸ்_வாசு:
காலை 5 மணிக்குப் போனா ரெண்டு மணி நேரம் ஆகாது. எல்லாரும் சனிக்கிழமை பசியாறிட்டுக் கிளம்பிட்டு காஸ்வேயைத் திட்டுறது.

தெம்பனிஸ்_தேவி:
துவாஸ்ல இருக்கிற ரெண்டாவது பாலம் வழியா போகலாமே?

ஊட்லண்ட்ஸ்_வாசு:
ஊட்லண்ட்ஸ்ல இருக்கிறவன் துவாஸ் போறதா? தெம்பனிஸ்லேர்ந்து சொல்லிடலாம்.

பழைய காடிக்காரன்:
அங்க மலிவா பெட்ரோல் அடிக்கத்தான் போறீங்க, கியர்பாக்ஸ் ஒரு சாக்கு.

ஊட்லண்ட்ஸ்_வாசு:
உங்க வீட்டுப் பெட்ரோலா சார்?

கணக்கு_அக்கா:
தம்பியோட கேள்வி எங்கேயோ போச்சு. தம்பி, பாக்கிப் பணம் கட்டாதீங்க. பேர் மாத்துறதுக்கு முன்னாடி நீங்க தேர்ந்தெடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்க, டீலர் சொல்ற இடம் வேணாம். “உள்ளபடி”ங்கிறதை அடிச்சுட்டு, சிவிடிக்கு 3 மாச வாரண்டின்னு எழுதித் தரச் சொல்லுங்க. மறுத்தார்னா உங்களுக்கே புரிஞ்சிரும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
காலையில குளிர்ந்த என்ஜினோட ஒரு தடவை, அரை மணி ஓட்டினப்புறம் அதே ஏத்தத்துல ஒரு தடவை. கோப்பியை வீட்ல வெச்சிட்டுப் போங்க.

(ஒன்பது நாள் கழித்து)

பிடோக் மாமா:
என்னாச்சு தம்பி?

செங்காங்_புதுசு:
எடுத்தாச்சு. வீட்ல அந்தச் சாம்பல் நிறம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வாரண்டி தரமாட்டேன்னார், இன்னும் 700 குறைச்சார். உதறல் இருக்கு, எங்க புளோக் பார்க்கிங்கில் இப்போ முதல் மாடியிலேயே நிறுத்திடுறேன். எல்லாருக்கும் நன்றி.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஆயில் மாத்தினீங்களா?

ஜூரோங்_ஸ்பேனர்:
மவுண்ட் பார்த்தீங்களா?