கதை கேட்டு வாங்கியவர்கள், கதை சொல்லி விற்றவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஓலைப்பெட்டி:
கொழும்பு வெள்ளவத்தையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பனங்கட்டி, ஒடியல் மா, பனையோலையில் இழைத்த கடகப் பெட்டிகள். முதல் வருடம் கடகங்களுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைத்தேன்: ‘வடக்கில் 40 குடும்பங்கள் இதை நம்பி வாழ்கின்றன.’ வாசிப்பார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள்.

ஒருநாள் ஓர் அம்மா கடகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது ஆர் இழைச்சது?" என்றார். பருத்தித்துறையில் இருக்கும் என் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். கண் மங்கிய பிறகும் சார்வோலையை விரலால் தடவித் தடவி இழைப்பார். விளிம்பு கொஞ்சம் கோணினாலும் முழுவதையும் அவிழ்த்துவிடுவார். கேட்டவர் கொஞ்சநேரம் பேசவில்லை. "என்ர அம்மாவும் இப்பிடித்தான்" என்றார். இரண்டு கடகம் வாங்கினார். அடுத்த கிழமை தங்கையையும் கூட்டி வந்தார்.

அப்புறம்தான் ஸ்மோல், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தேன். ஆட்களுக்கு 5 டொலர் கொடுத்து, அதில் விரும்பியதைத் தானம் செய்யலாம் என்றார்கள். ஆபிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை வாசித்தவர்கள் சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். ரோக்கியா என்ற மாலி நாட்டுச் சிறுமியைப் பற்றி வாசித்தவர்கள் 2.38. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் 1.43தான். எண்ணிக்கை வந்ததும் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கி, இரக்கம் பின்வாங்குகிறது. அட்டையை எடுத்துவிட்டேன்.

செட்டியார் தெரு:
எனக்கு நடந்தது மறுபக்கம். நகைக்கடையில் வேலை. ஒரு தங்கச்சி பழைய அட்டியலை உருக்கக் கொண்டு வந்தார். "யாருடையது?" என்று மட்டும் கேட்டேன். அம்மம்மா, இடப்பெயர்வு, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். முடிவில் உருக்க மனம் வரவில்லை, கொக்கியை மட்டும் திருத்தித் தரச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு வரும்படி குறைவுதான். ஆனால் கலியாண நகை முழுக்க எங்களிடமே செய்வித்தார்.

கொட்டாஞ்சேனை வாசகி:
ஒன்றை வேதனையோடு சொல்கிறேன். ஒரு கடையில் ‘கணவனை இழந்த ஒரு தாய் நெய்தது’ என்று சொல்லி ஒரு சேலை தந்தார்கள். நெகிழ்ந்து வாங்கினேன். இரண்டு கடை தள்ளி அதே சேலை, அதே தாய். அன்றிலிருந்து உண்மையாகச் சொல்பவர்களையும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அதுதான் பெரிய நட்டம்.

ஓலைப்பெட்டி:
உங்கள் கோபம் சரி அக்கா. பெரியம்மா தை மாதத்தோடு இழைப்பதை நிறுத்திவிட்டார். இப்போது இழைப்பவர் அயலில் உள்ள ஒருவர். கேட்பவர்களிடம் அதையே சொல்கிறேன். அவரோடு இன்னும் ஆறுதலாக இருந்து கதைக்கவில்லை. வருகிற விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன்.