காலை ஊன்றாமல் வீட்டுக்குள் நடமாட: வாக்கரா, ஊன்றுகோலா?

கேள்வி:
அப்பாவுக்கு 62 வயது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். 6 வாரத்துக்கு அந்தக் கால் தரையில் படவே கூடாதாம். நாளை வீட்டுக்கு வருகிறார். வாக்கர் வாங்கலாமா, அக்குள் ஊன்றுகோலா? படுக்கையறை மாடியில், 14 படி. குளியலறை வாசலில் ஓரங்குல மேடு.

பதில் 1:
வாக்கர்தான். சக்கரம் இல்லாதது வாங்குங்கள். ஒற்றைக்காலில் தத்தும்போது சக்கரம் முன்னால் ஓடிவிடும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். வாக்கரைச் சற்று முன்னால் வைத்து, நாலு காலும் தரையில் பதிந்த பிறகு கைகளை அழுத்தி, நல்ல காலால் தத்த வேண்டும். வாக்கரின் நடுவைத் தாண்டிப் போகக்கூடாது. முன்கம்பியை ஒட்டிப் போய் நின்றால் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவார். மாடிப்பேச்சே வேண்டாம், கட்டிலைக் கீழே இறக்குங்கள்.

பதில் 2:
கட்டில் சரி. ஆனால் வாசலிலேயே படி இருந்தால்? வாக்கரோடு படி ஏறக்கூடாது. ஒரு கையில் கைப்பிடிச் சுவர், மறு கையில் ஊன்றுகோல். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஊன்றுகோல். இறங்கும்போது ஊன்றுகோல் முதலில், பிறகு நல்ல கால். துணைக்கு நிற்பவர் எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில். ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும்.

ஊன்றுகோலோடு நின்று ஏற முடியவில்லையென்றால் படியில் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து ஏறலாம். அசிங்கமாகத் தெரிந்தாலும் அதுதான் பத்திரம். சிக்கல் உச்சியில்: தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமே! அங்கே ஒரு தாழ்ந்த முக்காலியும் அதன் பின்னால் ஒரு நாற்காலியும் முன்கூட்டியே போட்டு வைத்தால் இரண்டு கட்டமாக எழலாம்.

பதில் 3:
குளியலறைக்கு: மேட்டைத் தத்தித் தாண்டவிடாதீர்கள், கால்விரல் இடறும். இருபுறமும் நகராத சாய்வுப்பலகை பொருத்துங்கள். உள்ளே கைப்பிடியுள்ள, அடியில் ரப்பர் போட்ட நாற்காலி. இருக்கை தொடையின் பின்பக்கம் படும்வரை பின்வாங்கி, அடிபட்ட காலை முன்னே நீட்டி, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்த பிறகே உட்கார வேண்டும். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக்கூடாது, கவிழும். நாற்காலியை அழுத்தித்தான் எழ வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. குளித்து வெளியே வந்ததும் வாக்கரின் அடி ரப்பரைத் துடையுங்கள். மிதியடி, தரைவிரிப்பு எல்லாம் சுருட்டி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கட்டிலை இறக்கிவிட்டோம். காலைத் தொங்கவிட்டால் வீங்கி நிறம் மாறுகிறது என்றார் அப்பா, பயப்பட வேண்டுமா?

பதில் 2:
தொங்கவிட்டால் ஓரளவு அப்படித்தான் ஆகும். படுக்கவைத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால் குறைய வேண்டும். தலையணையை முழங்காலுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், முட்டி மடங்கியே இறுகிவிடும், குதிகால்வரை தாங்கட்டும். தூக்கி வைத்தும் வீக்கம் வடியாமல் கெண்டைக்கால் வலித்தாலோ, விரல்கள் மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ்தான். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.