குடும்பத்தில் தொடரும் இரத்த அழுத்தமும் என் மரபணு அறிக்கையும்

கேள்வி: கும்பகோணத்து வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. கும்பகோணத்தை அடுத்த ஊரொன்றில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். என் பாட்டனார் 50 வயதை எட்டும் முன்பே பக்கவாதத்தில் இறந்தார். தந்தையார் 46 வயதில், குறுவை நடவன்று வரப்பில் நின்றபடியே மயங்கி விழுந்து, எட்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்து மறைந்தார். அத்தைக்கு முப்பது வயதிலிருந்தே பிரஷர் மாத்திரை. சென்ற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்ததில் எனக்கு 150/96-ஐ ஒட்டியே இருந்தது; என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனுக்கோ 122/78. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் இன்னும் தொடங்கவில்லை. அச்சத்தில், உமிழ்நீரை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். ஆஞ்சியோடென்சினோஜென் மரபணுவின் இரு பிரதிகளும் ‘டி’ வடிவத்தில் இருப்பதால் அபாயம் மிகுதி என்கிறது அறிக்கை. பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டது என்றால் உப்பைக் குறைத்தும் மாத்திரை விழுங்கியும் என்ன பயன்? என் மனைவி அதே அத்தையின் மகள். எங்கள் ஒன்பது வயது மகளுக்கும் இப்பரிசோதனையைச் செய்ய வேண்டுமா?

பதில் 1: மரபியல் ஆய்வு மாணவி, திருச்சி

ஐயா, அந்த அறிக்கை உங்களை அச்சுறுத்தியிருக்கும் அளவுக்கு அதில் செய்தி இல்லை. ஆஞ்சியோடென்சினோஜென் என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம்; சிறுநீரகம் சுரக்கும் ரெனின் அதை வெட்டுவதில் தொடங்கும் வினைத்தொடரே இரத்தக்குழாய்களைச் சுருக்கி, உடலில் உப்பைத் தேக்குகிறது. அப்புரதத்தின் 235-ஆம் இடத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் இருக்கலாம், திரியோனின் என்னும் அமினோ அமிலம் இருக்கலாம். திரியோனின் உள்ளதையே உங்கள் அறிக்கை ‘டி’ என்கிறது. இதற்கும் உயர் அழுத்தத்துக்கும் தொடர்புண்டு என்று 1992-இல் பாரிஸ், யூட்டா குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியபோது பெரும் பரபரப்பு எழுந்தது உண்மை. ஆயினும் மனித இனத்தின் பழைய வடிவமே ‘டி’தான், நம் நாட்டில் ஐரோப்பாவைவிட மிகுதியாகவே காணப்படுகிறது. உங்கள் தெருவில் பலருக்கும் இருக்கக்கூடிய ஒன்றைத் தனி அபாயம் என்று விற்பது எனக்கு உவப்பாக இல்லை.

இரத்த அழுத்தம் ஒரே மரபணுவால் வருகிறதா, பல சிறு காரணங்களின் கூட்டா என்று இங்கிலாந்தில் பிளாட், பிக்கரிங் என்னும் இரு மருத்துவர்கள் 1950-களில் நெடுநாள் வாதிட்டார்கள். பெரும்பாலோரைப் பொறுத்தவரை, பல சிறு காரணங்களின் கூட்டு என்று பிக்கரிங் சொன்னதே சரியாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வுடன், அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 900-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே ஏற்றுவதோ இறக்குவதோ 1 மி.மீ. பாதரச அளவுக்கும் குறைவே. அண்ணனும் நீங்களும் சராசரியாகப் பாதி வேறுபாடுகளையே பகிர்ந்துகொள்கிறீர்கள். மீதிப் பாதி சீட்டுக் குலுக்கல்தான். ‘30 முதல் 50 விழுக்காடு மரபுவழி’ என்று எழுதுகிறார்களே, அது மக்கள்தொகைக்குள் ஆளுக்கு ஆள் காணும் வேற்றுமையைப் பற்றிய கணக்கு. உங்கள் 150-இல் பாதி தந்தையிடமிருந்து வந்தது என்று அதற்குப் பொருளில்லை.

பதில் 2: பொது மருத்துவர், மயிலாடுதுறை

மாணவி எழுதியது பொதுவிதி; நான் விதிவிலக்கைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். தந்தையாருக்கு வந்தது இரத்தக்குழாய் அடைப்பா, மூளைக்குள் இரத்தக்கசிவா? பழைய ஸ்கேன் அறிக்கை வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். ஒற்றை மரபணுப் பிழையால் வரும் உயர் அழுத்த நோய்கள் அரிதானவை. அவற்றில் பெரும்பாலானவை சிறுநீரகம் உப்பைத் தேவைக்கு மீறி இழுத்து வைத்துக்கொள்வதால் விளைபவை. லிடில் நோய்க்குறி அவற்றில் ஒன்று. அதற்கு அமிலோரைடு என்னும் மாத்திரை கேட்கும், ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரை கேட்காது. இன்னொன்றில் அண்டையிலுள்ள இரு மரபணுக்கள் ஒட்டிக் கலந்துவிடுவதால், உடலில் உப்பைத் தேக்கும் அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் தவறான கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சுரக்கிறது; சிறு அளவு ஸ்டிராய்டு அதை அடக்கிவிடும். இத்தகைய குடும்பங்களில் இளவயதில் மூளை இரத்தக்கசிவு வருவதுண்டு. பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தப்பியதும் இதற்குப் பொருந்துகிறது, ஆனால் அது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. உமிழ்நீர் அறிக்கையைவிடக் குடும்ப வரலாறு பேசுவது அதிகம் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று: தொண்டைக்கட்டுக்கு அதிமதுரக் கஷாயம் நாள்தோறும் குடிப்பவராக இருந்தால் நிறுத்துங்கள். சிறுநீரகத்தில் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது முடக்கி, மரபணுப் பிழையால் வரும் அரிய நோயொன்றைப் போலவே அழுத்தத்தை ஏற்றும். அந்த அரிய நோய்தான் தாய், தந்தை இருபுறமிருந்தும் பிழையுள்ள பிரதி சேரும்போது வருவது. உறவுத் திருமணத்தில் அஞ்ச வேண்டியது இவ்வகை நோய்களையே. மகளுக்கு மரபணுப் பரிசோதனை வேண்டாம். குழந்தைக்கேற்ற பட்டையைக் கட்டி ஆண்டுக்கொரு முறை அழுத்தத்தை அளந்தால் இப்போதைக்குப் போதும்.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆசிரியர், வேதாரண்யம் பக்கம்

உப்பெடுக்க ராஜாஜி 1930-இல் நடந்து வந்த ஊர் எங்களுடையது. உப்பைக் குறை சொல்ல நா கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். என் தம்பிக்கும் எனக்கும் அழுத்தம் உண்டு. காலையில் பழைய சோற்றுக்கு உப்பு நார்த்தங்காய், மதியம் மோர்மிளகாய், இரவு கருவாடு என்று உண்டு வளர்ந்த குடும்பத்தில், வழிவழியாக வருவது இரத்தமா ஊறுகாய் ஜாடியா என்று பிரித்தறிவது எளிதன்று. அமேசான் காட்டு யானோமாமி மக்களைப் பற்றி 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் படித்திருக்கிறேன்: உப்பு ஏறக்குறைய இல்லாத உணவு, வயது ஏறியும் ஏறாத அழுத்தம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு வரம்பாகச் சொல்லும் 5 கிராம் உப்பு என்பது ஒரு தேக்கரண்டிதான். நார்த்தங்காயை விட்டபின்தான் அதை என்னால் நெருங்க முடிந்தது. மாத்திரையை நான் விடவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்.

கும்பகோணத்து வாசகர்

மூவருக்கும் நன்றி. தந்தையாரின் மருத்துவக் கோப்பு பரணில் கிடைத்தது. அதில் ‘மூளைக்குள் இரத்தக்கசிவு’ என்றே எழுதியிருக்கிறது. பாட்டனார் காலத்தில் ஸ்கேன் கிடையாது. அதிமதுரம் எங்கள் வீட்டில் இல்லை.

பொது மருத்துவர், மயிலாடுதுறை

அப்படியானால் பொட்டாசியம், அல்டோஸ்டிரோன், ரெனின் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. பொட்டாசியம் சரியாக இருந்தாலும் மற்ற இரண்டையும் விடாதீர்கள். இரு மரபணுக்கள் ஒட்டிக் கலப்பதால் வரும் நோயில் பொட்டாசியம் பலருக்கு இயல்பாகவே இருக்கும். சாதாரண உயர் அழுத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. சோதனைக்காக மாத்திரையைத் தள்ளிப்போடாமல் இன்றே தொடங்குங்கள். சில மாத்திரைகள் இந்த அளவுகளை மாற்றும் என்பதால், எதை உண்கிறீர்கள் என்பதை இரத்தம் எடுக்கும் நாளில் சொல்லிவிடுங்கள். அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள்.