குளிர்காலத்தில் கோல்ஃப் கிரீனில் தண்ணீர் தேங்குகிறது, தோண்டலாமா?

கேள்வி:
கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் எனக்கு இது முதல் குளிர்காலம். ஏழாவது கிரீனின் (பந்து விழும் குழி இருக்கும் குட்டைப் புல்தரை) தாழ்ந்த ஓரத்தில், மழை விட்டு இரண்டு நாளானாலும் கால் வைத்தால் தண்ணீர் கசிகிறது. புது வடிகால் குழாய் போட வேண்டுமா?

பதில்:
அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள். பந்து விழும் 108 மில்லிமீட்டர் குழியை வெட்டும் கருவியாலேயே ஒரு மண் உருளை எடுத்துப் பாருங்கள். எனக்கும் இதே சிக்கல் வந்தது. எடுத்துப் பார்த்தால், மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு மாதிரி மக்காத புல். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதன் கீழே மணல் பொலபொலவென்று இருந்தது. குழாய் மேல் பழி போட்டு ஒரு வாரத்தை வீணாக்கியது இன்றும் உறுத்துகிறது. இப்போதைக்கு, உள்ளே குழலில்லாத கெட்டி ஊசியால் தரையில் துளை போடுங்கள். மண்ணை வெளியே எடுக்கும் குழல் ஊசி வேலையைப் புல் வளரும் பருவத்தில் செய்து, துளைகளை மணலால் நிரப்புங்கள். குளிரில் செய்தால் ஓட்டை சீக்கிரம் மூடாது.

கேட்டவர்:
சரி, உருளை எடுத்துப் பார்க்கிறேன். உறைபனி விழுந்த காலையில் கிரீனில் இறங்கலாமா?

வேறொருவர்:
கூடவே கூடாது. உறைந்த புல்லை மிதித்தால் செல்கள் உடைந்து, காலடித் தடம் அப்படியே கருகி நிற்கும். பனி தானாக உருகட்டும். அதுவரை காலை வெயிலை மறைக்கும் கிளைகளை வெட்டுங்கள், அப்புறம் பங்கர் (மணல் குழி) ஓரங்களைப் பாருங்கள்.