சிஸ்டம்டியை விட்டுவிடலாமா?

அல்சூர் அச்சகத்தார்: டெபியன் 7 என்ற லினக்ஸ் பல வருடம் முனகாமல் ஓடியது. இப்போது 12; கணினியைத் துவக்கிச் சேவைகளை நடத்துவது அதில் சிஸ்டம்டி என்ற நிரல். நேற்று மின்வெட்டு முடிந்து கணினியை இயக்கினால், கழற்றி வைத்திருந்த பேக்கப் வட்டுக்காக 90 விநாடி காத்திருந்தது. பிறகு அவசர நிலைக்குப் போய் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்டது. வாசலில் கல்யாணப் பத்திரிகைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்! முன்பு அதே வேலையைச் செய்த பழைய இனிட் இப்படி அடம்பிடித்ததில்லை. சிஸ்டம்டி இல்லாத டெபியன் கிளையான தேவுவானுக்கு மாறிவிடலாமா?

மடிவாளா: அவசரப்படாதீர்கள் ஐயா. எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வட்டின் வரியில் 'நோஃபெயில்' சேருங்கள். வட்டு இல்லாவிட்டாலும் கணினி எழுந்துவிடும். பின்னணியில் ஓடும் ஒரு சேவை செத்தால் தானே மறுபடி கிளப்ப, அதற்கான சிஸ்டம்டி அமைப்புக் கோப்பில் (யூனிட் கோப்பு) ஒரே வரி போதும். பழைய இனிட்டின் ஷெல் ஸ்கிரிப்டில் அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே!

ஜெயநகர் கிழவன்: வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினியின் நிகழ்வுப் பதிவுகளை, நேரே படிக்க முடியாத பைனரியில் சிஸ்டம்டி ஏன் பூட்ட வேண்டும்? படிக்க ஜர்னல்சிடிஎல் கட்டளையின் தயவு வேண்டியிருக்கிறது. 2014-இல் டெபியன் தொழில்நுட்பக் குழுவே சமமாகப் பிளந்து, தலைவரின் வாக்கால்தான் சிஸ்டம்டி வென்றது.

மடிவாளா: ஆர்சிஸ்லாக் என்ற பதிவு நிரலை நிறுவினால் அந்தப் பதிவுகள் உரைக் கோப்பாகவும் கிடைக்கும், பெரியவரே.

அல்சூர் அச்சகத்தார்: நோஃபெயில் சேர்த்தேன், எழுந்துவிட்டது. பத்திரிகைக்காரர்தான் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.